வெள்ளை நூல் போட்ட நாலு மூட்டை

போன மாதம் எங்கள் கால்நடைத் துறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்ற கம்பவுண்டர் என்ற முறையில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, 'தீவனத்தில் சேரும் அயனோஃபோர் மருந்துகளும் பாதுகாப்பான கையாளுகையும்'. எனக்கு ஒதுக்கியது பத்து நிமிடம். பொன்னாடை போர்த்துவதில் மூன்று நிமிடம் போயிற்று. மைக்கைச் சரிசெய்வதில் நாலு நிமிடம் போயிற்று. மிச்சமிருந்த நேரத்தில், "மூட்டையின் மேல் என்ன அடையாளம் இருக்கிறது என்று பாருங்கள், பார்த்ததை நம்பாதீர்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சாப்பாட்டு வரிசையில் நின்றபோது ஒரு பிள்ளை வந்து, ஏன் நம்பக்கூடாது என்று கேட்டாள். அப்பளம் வைப்பதற்குள் சொல்லி முடிக்கிற கதையில்லை அது. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அந்தமானின் ஹேடோ துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவர். நான் பள்ளி முடித்ததும், எந்தத் துறையில் வேலை கிடைத்தாலும் கால்நடைத் துறையை விட்டுவிடாதே என்றார். காரணம் கேட்டேன். மாடு மனு எழுதாது என்றார். மெயின்லேண்டில் ஒரு வருடப் பயிற்சி. பசு, ஆடு, பன்றி, கோழி எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார்கள். குதிரைக்கு ஒரே ஒரு நாள் வைத்திருந்தார்கள், அன்றைக்கு நல்ல மழை. வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ அந்தமான்காரன், உனக்குக் குதிரை எதற்கு" என்று சொல்லி வருகைப் பதிவை மட்டும் போட்டுக்கொண்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

தீவில் கால்நடைத் துறை என்றால் பாதி வேலை தீவனக் கிடங்கு. மாட்டுத்தீவனம், கோழித்தீவனம் எல்லாம் கப்பலில் வரவேண்டும். கப்பல் தனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது வரும். வரும்போது மூட்டைகளில் கால்வாசி நனைந்திருக்கும். மெயின்லேண்டில் நனைந்த தீவனத்தைக் கொட்டிவிடுவார்கள். இங்கே கொட்டினால் அடுத்த கப்பல் வரும்வரை பசுவுக்கு எதைப் போடுவது? அதனால் சாக்கைப் பிரித்து, தார்ப்பாயில் காயவைத்து, கையில் அகப்பட்ட பழைய சாக்கில் அள்ளி மறுபடி தைப்போம். அரிசிச் சாக்கு, சிமெண்டுச் சாக்கு, எதுவானாலும் சரி. சாக்கின் மேல் அச்சடித்திருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. தேர்தல் வாக்குறுதி படித்துப் பழகிய எங்களுக்கு அது பெரிய விஷயமில்லை.

ஆனால் கோழித்தீவனத்தில் ஒரு சிக்கல் உண்டு. கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமலிருக்க அதில் மருந்து கலந்திருக்கும். அது மாட்டுத்தீவனத்தோடு கலந்துவிடக்கூடாது என்று நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மருந்து கலந்த மூட்டையைச் சிவப்பு நூலால் தைப்பது, மற்றதை வெள்ளை நூலால் தைப்பது. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். எங்கள் டாக்டர் வரதராஜன் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் ஒரு சுற்றறிக்கை போட்டார். 'நூல் நிறக் குறியீட்டு முறை' என்று தலைப்பு, பதினோரு விதிகள். மேலிடத்திலிருந்து அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. சுற்றறிக்கையில் என் பெயர் இல்லை, 'கிடங்கு ஊழியர் ஒருவரின் ஒத்துழைப்புடன்' என்று இருந்தது. என் மனைவி அந்த வரியைக் கத்தரித்துச் சாமி படத்துக்குக் கீழே ஒட்டிவைத்தாள். கேலிக்குத்தான்.

டாக்டர் வரதராஜனைப் பற்றி ஒழுங்காகச் சொல்லவேண்டும். கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். மதுரைப் பக்கத்துக்காரர், நல்ல படிப்பாளி. மாட்டின் வயிற்றில் கையை வைத்துக் கண்ணை மூடினாரென்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் கையைக் கழுவித் துடைத்து, பச்சை மைப் பேனாவை எடுத்த மறுகணம் வேறு மனிதராகிவிடுவார். பேனா அவர் கையில் இருந்தால் அவருக்கு எதுவும் தெரியாது. 'கலந்து பேசவும்' என்று எழுதுவார். 'மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று எழுதுவார். செத்துப்போன கன்றின் ஃபைலில் 'முன்னேற்றத்தைத் தெரிவிக்கவும்' என்று எழுதியதை நானே பார்த்திருக்கிறேன்.

இனி குதிரைக்கு வருகிறேன். ஆமாம், குதிரை வந்துவிட்டது. தெய்வானை என்று ஒரு பெண். அவள் குடும்பம் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியது. சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேர் வந்து என்னென்னவோ வேலை பார்த்தாள். புருஷன் இல்லை. இந்த ஊரில் வடக்கத்திக்காரர் கல்யாணம் நிறைய நடக்கிறது, மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகவேண்டும், ஆனால் குதிரை இல்லை என்பதை அவள் கவனித்திருக்கிறாள். நகையெல்லாம் விற்று, சென்னையில் ஒரு கல்யாணக் குதிரைக்காரரிடம் வயதான வெள்ளைப் பெண்குதிரையை வாங்கி, கப்பலின் மேல்தளத்தில் கட்டிக் கொண்டுவந்தாள். அதன் பெயர் பிஜிலி. மின்னல் என்று அர்த்தம். எருமை அதை முந்திப்போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் பேண்டு வாத்தியத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் காதைக்கூட ஆட்டாது. ஊரிலேயே ஒரே கல்யாணக் குதிரை என்பதால் தெய்வானையின் பிழைப்பு நன்றாகவே நடந்தது.

அந்த மழைக்காலத்தில் கப்பல் மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. அபர்டீன் பஜாரில் கொள்ளு இல்லை, கடலை இல்லை. வந்த கப்பலிலும் பாதி சரக்கு நனைந்திருந்தது. காயவைத்துத் தைத்துக்கொண்டே வந்தேன். கடைசி நாலு மூட்டை கோழிப் பண்ணைக்கான செறிவுத் தீவனம். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு மக்காச்சோளம் சேர்த்துத்தான் கோழிக்கே போடவேண்டும், மருந்து அவ்வளவு கெட்டியாக இருக்கும். அப்போது பார்த்துச் சிவப்பு நூல் தீர்ந்துபோயிற்று. பஜாருக்குப் போய் வாங்கியிருக்கலாம், ஒரு ஆட்டோ தூரம்தான். நாலே மூட்டை, நான்தானே கிடங்கில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்று வெள்ளை நூலால் தைத்து மூலையில் தனியாக அடுக்கினேன். அன்று ராத்திரி கூரை ஒழுகியிருக்கிறது. காவலாளி நல்ல மனிதர், மூட்டை நனையக்கூடாதென்று எல்லாவற்றையும் இழுத்து ஒன்றாக அடுக்கிவைத்துவிட்டார். ஊருக்குப் போர்ட் பிளேர் என்ற பெயரே மாறிவிட்டது, அந்தக் கிடங்கின் கூரை மட்டும் இன்னும் மாறவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தெய்வானை வந்தாள். பசுவுக்குக் கொடுக்கிற தீவனத்தில் ஒரு மூட்டை கிடைக்குமா, குதிரை வெறும் புல்லைத் தின்று இளைத்துப்போகிறது என்றாள். நான் அடுக்கைப் பார்த்தேன், வெள்ளை நூலைப் பார்த்தேன். மூலையில் தனியாக வைத்த நாலு மூட்டை ஞாபகத்துக்கே வரவில்லை. என் கையாலேயே ஒரு மூட்டையை இழுத்து அவள் கொண்டுவந்த வண்டியில் ஏற்றினேன். "நம்ம கிடங்குச் சரக்கும்மா, தைரியமாப் போடு" என்று வேறு சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் அவள் ஓடிவந்தாள். "கம்பவுண்டர் அண்ணே, பிஜிலி நிக்க மாட்டேங்குது. ஜல்தி வாங்க."

டாக்டரும் நானும் ஜீப்பில் போனோம். குதிரை வேலியில் சாய்ந்து நின்றது. வெள்ளை உடம்பு முழுக்க வேர்வை ஒழுகிற்று. பின்னங்கால்கள் இரண்டும் வெவ்வேறு திசைக்குப் போயின. கழுத்து நரம்பு துடிப்பது எட்டி நின்றாலே தெரிந்தது. கீழே மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் கிடந்தது. டாக்டர் வழக்கம்போல நாலடி தள்ளி நின்று, என்றைக்கு ஆரம்பித்தது, என்ன தின்றது என்று கேட்டுக்கொண்டிருந்தவர், மூத்திரத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிட்டே போனார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு தீவன வாளியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வாளி பக்கத்தில் சாக்கு கிடந்தது, வாயில் வெள்ளை நூல்.

அடுத்த இரண்டு மணி நேரம் வரதராஜன் செய்த வேலையை நான் மறக்கமாட்டேன். தீவனத்தை அள்ளி அப்புறப்படுத்தச் சொன்னார். நீளக் குழாயில் எண்ணெய் தடவி மூக்கு வழியே இறக்கினார். குதிரை விழுங்கும் நேரம் பார்த்து அங்குலம் அங்குலமாகத் தள்ளினார். குழாய் நுனியில் காதை வைத்து, போனது இரைப்பைக்கா மூச்சுக்குழலுக்கா என்று இரண்டு தடவை உறுதி செய்தார். பிறகு கரித்தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொன்னார். கழுத்து நரம்பில் ஊசி குத்தி மருந்துநீர் ஏற்றினார். இந்த விஷத்துக்கு முறிவு கிடையாது, மிச்சமிருப்பதை உறிஞ்சி எடுக்கலாம், அசையாமல் வைத்திருக்கலாம், அவ்வளவுதான் என்றார். நான் வாளி பிடித்தேன்.

குதிரை கொஞ்சம் அடங்கியதும், தெய்வானை தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், எனக்கு மட்டும் கேட்கும்படி விளக்கினார். உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி எண்ணெய்ப்பசையான மெல்லிய சுவர் ஒன்று இருக்கிறது. சோடியம் போன்ற உலோக அயனிகள் மின்னூட்டம் உள்ளவை, தண்ணீரோடு ஒட்டித் திரிபவை. எண்ணெய்ச் சுவரை அவை தாண்ட முடியாது, அதற்கென்று இருக்கிற வாசலில்தான் வரவேண்டும். "கப்பல் டிக்கெட்டுக்கு நாம கவுண்டர்ல வரிசையில நிக்கிறோம் இல்லையா, முருகேசன். ஒருத்தன் வரான். பார்த்தா உள்ளூர்ப் பெரிய மனுஷன். போர்வைக்குள்ள ஒருத்தனை மறைச்சுக் கூட்டிட்டு நேரா உள்ள போறான். இறக்கி விட்டுட்டு வெளிய வந்து அடுத்த ஆளைக் கூட்டிட்டுப் போறான். நாள் பூரா இதே வேலை. அவன்தான் அயனோஃபோர்."

சோடியத்தைக் கண்டதும் அந்த நீள மூலக்கூறு வளைந்து வளையமாகிறதாம். அதன் ஆக்ஸிஜன் அணுக்களெல்லாம் உள்பக்கம் திரும்பி அயனியைப் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கம் பூராவும் எண்ணெய்ப்பசை. சுவருக்கு எண்ணெய்தான் தெரியும், அதனால் வழிவிடும். உள்ளே சோடியம் ஏற ஏற, செல் தன் பம்பை வைத்து வெளியே இறைத்துப் பார்க்கும். இறைத்து இறைத்துச் சக்தி தீர்ந்துபோகும். சோடியத்தோடு தண்ணீரும் உள்ளே வரும். கோழிக் குடலில் இருக்கிற கிருமி இப்படித்தான் ஊதி வெடிக்கிறது. கோழிக்கு அந்த அளவு தாங்கும். குதிரையின் ஈரலுக்கு இந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றத் தெரியாது, அது ரத்தத்திலேயே சுற்றும். இதயத் தசையில் சோடியம் நிறைந்தால் பின்னாலேயே கால்சியமும் நிறையும். தசை இறுகி, செத்துப்போகும். இதயத்தில் செத்த தசை மறுபடி முளைக்காது.

"பிழைச்சிடும்னு நினைக்கிறேன்" என்றார். "ஆனா இனிமே சவாரி கூடாது. பார்த்தா நல்லாத்தான் இருக்கும். மேடு ஏறும்போது பொத்துன்னு விழும்."

இத்தனை வருடத்தில் நான் கேட்ட பாடங்களிலேயே உயர்ந்த பாடம் அது. சொன்னவர் ஆபீசுக்கு வந்து, கையைக் கழுவி, பச்சைப் பேனாவைத் திறந்து, நோய் என்ற இடத்தில் 'வயிற்றுவலி' என்று எழுதினார். என் முகத்தைப் பார்க்காமலே, கிடங்கில் தவறு என்று வந்தால் என் வேலையும் போகும், சுற்றறிக்கையும் போகும் என்றார். சுற்றறிக்கையை இரண்டாவதாகச் சொன்னதைப் பெருந்தன்மை என்றுதான் எடுத்துக்கொண்டேன். வெளியே காத்திருந்த தெய்வானையிடம் நான் போய், வயிற்றுவலிதான், பயப்படாதே என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையால்தான் மூட்டையை ஏற்றியிருந்தேன்.

ஒரு மாதத்தில் பிஜிலி தேறிவிட்டது. தின்றது, முடி பளபளத்தது. அப்போதுதான் ஒரு பெரிய அதிகாரியின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. அபர்டீன் பஜாரிலிருந்து மண்டபம் வரை குதிரை ஊர்வலம், அத்தனையும் ஏற்றமான ரோடு. மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்தேன், இரண்டு மாப்பிள்ளைக்கு உண்டான உடம்பு. போலீஸ் அனுமதிக்குக் குதிரை நல்ல நிலையில் இருக்கிறது என்று எங்கள் ஆபீஸ் சான்று வேண்டும். தெய்வானை புதுச் சேணம் தைக்கக் கொடுத்துவிட்டு மனுவோடு வந்து நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு.

நான் டாக்டர் அறைக்குள் போய், சான்று கொடுக்கவேண்டாம் சார் என்றேன். அவர் ஃபைலைப் புரட்டினார்.

"ரெக்கார்டுல வயிற்றுவலி. சரியாயிடுச்சு. வயிற்றுவலி சரியான குதிரைக்கு சர்டிபிகேட் இல்லைன்னு எந்த விதியில சொல்லுவேன்?"

"சார், நீங்கதானே சொன்னீங்க, பொத்துன்னு விழும்னு."

"நான் சொன்னேன். எழுதலையே."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவர் உலகத்தில் அது உண்மையான பதில். குதிரை தகுதியில்லை என்று எழுதினால் ஏன் என்று மேலே கேட்பார்கள். தகுதி என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், குதிரை உட்பட. அபர்டீன் மேட்டில் அது சரிந்து விழுந்தால் மாப்பிள்ளை கழுத்து முறியுமே என்றேன். ஊர்வலம் மெதுவாகப் போகச் சொல்லி சான்றில் ஒரு நிபந்தனை சேர்க்கலாம் என்றார்.

வெளியே வந்து அரை மணி நேரம் கிடங்கில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு தாளில், மருந்து கலந்த நாலு மூட்டையை வெள்ளை நூலால் தைத்தது நான், அதில் ஒன்றைக் குதிரைக்குக் கொடுத்ததும் நான், குதிரைக்கு வந்தது வயிற்றுவலி அல்ல, அதன் இதயம் பழுதாகியிருக்கிறது, சவாரி கூடாது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். முதலில் டாக்டரிடம் காட்டினேன். அவர் பழக்க தோஷத்தில் இரண்டு இடத்தில் பச்சை மையால் பிழை திருத்தினார். அப்புறம்தான் என்ன திருத்துகிறோம் என்று உறைத்து, பேனாவை மூடிவைத்தார். தாளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். எடுத்துக்கொண்டு நேரே தபால் மேஜைக்குப் போய், வரவு முத்திரை குத்தி நம்பர் வாங்கிவிட்டேன். எங்கள் ஆபீசில் மனிதன் சாகலாம், குதிரை சாகலாம், வரவு நம்பர் விழுந்த காகிதம் சாகாது. அது உயிரோடு இருக்கும்வரை சான்று கொடுக்க எவனுக்கும் துணிச்சல் வராது. மாப்பிள்ளை திறந்த ஜீப்பில் போனார்.

விசாரணைக் குழு போட்டார்கள். மூன்று பேர் வந்து டீ குடித்துவிட்டு, குதிரைக்கு உடம்பு கெட்ட அன்றே நான் முகர்ந்து பார்த்துக் கிடங்கில் ஒதுக்கிவைத்திருந்த மீதி மூன்று மூட்டையைப் பார்வையிட்டார்கள். சோதனைக்கூடத்துக்கு ஒரு கைப்பிடி அனுப்பலாமே என்று கேட்டேன். அதற்கு அவசியமில்லை என்றார்கள். மூட்டையில் வெள்ளை நூல் இருக்கிறது, சுற்றறிக்கையின் நாலாவது விதிப்படி வெள்ளை நூல் என்றால் மருந்து கலக்காத தீவனம், ஆகவே இதில் மருந்து இல்லை, ஆகவே ஊழியர் முருகேசன் எழுதியது பொய். நான் பெற்ற பிள்ளை, அந்த நூல் முறை, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று. பொய் சொல்லித் துறையின் பெயரைக் கெடுத்ததற்காக எனக்குக் கண்டனம், பதவி உயர்வு பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். வரதராஜன் குழுவுக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது மட்டும் வாசலில் நின்று என்னிடம், குதிரையை மேட்டில் ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

கண்டன ஆர்டர் வந்த அன்று சாயங்காலம் தெய்வானை என் குவார்ட்டர்சுக்கு வந்தாள். கயிற்றில் பிஜிலி. கேட்டில் கட்டினாள்.

"மூட்டை குடுத்தது நீங்க. ஒரு மாசம் வயித்துவலின்னு சொன்னது நீங்க. இப்ப சவாரி காமுக்கு ஆகாதுன்னு எழுதுனதும் நீங்க. ஆபீஸ்ல சொல்றாங்க, குதிரை டீக் ஹை, நல்லாத்தான் இருக்கு, டாக்டர் மேல கோபத்துல நீங்க ஜூட்டா எழுதிட்டீங்கன்னு. எது சச், எது பொய்யின்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது, இனிமே இதை எவனும் கூப்பிடமாட்டான். நீங்களே தீனி போடுங்க."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் குதிரையின் நெற்றியைத் தடவிவிட்டுப் போய்விட்டாள். துறைமுகக் கேண்டீனில் பாத்திரம் கழுவப் போனாள் என்று பிறகு தெரிந்தது. நகையை விற்றுக் குதிரை வாங்கினவள்.

நாலு வருடம் பிஜிலி என் கொல்லையில் இருந்தது. அரசுக் குடியிருப்பில் கால்நடை வளர்க்கக்கூடாது என்று கால்நடைத் துறையிலிருந்தே நோட்டீஸ் வந்தது. நோயுள்ள பிராணியை வைத்துப் பராமரிக்கிறேன் என்று பதில் போட்டேன். ஆவணப்படி அதற்கு நோயில்லை என்று பதில் வந்தது. 'கலந்து பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். தெய்வானை ஞாயிறுதோறும் வருவாள். குதிரையோடு பேசுவாள், என்னோடு பேசமாட்டாள். நான் வெளியே போய்விடுவேன். கொழுகொழுவென்று நிற்கிற குதிரையைப் பார்த்துவிட்டு, இது ஓடும், ஆடும், இவன்தான் கெடுத்தான் என்று அவள் மனசில் ஓடுவது அவள் முதுகிலேயே தெரியும்.

நான் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கொண்டுவந்த புல்லுக்காகப் பிஜிலி கொல்லை மேட்டில் பத்தடி ஏறிற்று. ஏறினது, நின்றது, அப்படியே மடிந்து விழுந்துவிட்டது. முதுகில் யாருமில்லை, பேண்டு இல்லை, வெடி இல்லை. தெய்வானை அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வரதராஜன் அதற்குள் மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த டாக்டர் அப்பாராவ் தீவிலேயே பிறந்த பையன். அறுத்துப் பார்க்கவேண்டும் என்று நான் கேட்டேன். தெய்வானையும் நிற்பேன் என்றாள். இதயத்தை எடுத்துக் கழுவி, தட்டில் வைத்து, குறுக்கே வெட்டினார். சிவப்பாக இருக்கவேண்டிய தசையில் வெளுத்த தழும்புகள், ரப்பர் பால் காய்ந்த மாதிரி வரிவரியாக. எந்தச் சுற்றறிக்கைக்கும் கட்டுப்படாமல் கிடந்தன.

தெய்வானை குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "இது எப்ப ஆனது, டாக்டர் சாப்?"

"பழசும்மா. நாலஞ்சு வருஷம் இருக்கும்."

"அன்னைக்குப் பராத் ஊர்வலத்துல போயிருந்தா?"

"பாதி மேடுகூட ஏறியிருக்காது."

அப்பாராவ் பழைய ஃபைலைப் புரட்டினார். வயிற்றுவலி என்று ஒரு காகிதம், பொய் என்று ஒரு காகிதம். இறப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, என்ன எழுதுவது என்பதுபோல எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

நாலு வருடத்துக்குப் பிறகு தெய்வானை என்னை நேராகப் பார்த்தாள்.

"இவர் அன்னைக்கு எழுதினதையே எழுதுங்க, சாப். மூட்டையை இவர் கையாலதான் குடுத்தார்னும் சேத்து எழுதுங்க."

அவர் இரண்டையும் எழுதினார். கீழே சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.